ஏரியில மீன் குறைஞ்சிருச்சா? தூண்டில் போடுறவங்க தெரிஞ்சுக்கிற வழி

"முன்ன மாதிரி மீனே மாட்ட மாட்டேங்குது"ன்னு தூண்டில் போடுற எல்லாரும் சொல்றோம். ஆனா மீன் நெஜமாவே குறைஞ்சிருச்சா, ஒரு மீன் போயி இன்னொண்ணு பெருகியிருக்கா, இல்ல அன்னிக்கு இரை எடுக்கலையா, இத பிரிச்சுப் பாக்க ஒரு நோட்டும் ஒரு ஸ்கேலும் போதும்.

நோட்டுல மொதல்ல நேரத்த எழுதுங்க. எத்தனை மீன்னு மட்டும் எழுதினா பிரயோஜனமே இல்ல. 6 மணி நேரம் உக்காந்து 3 மீன் பிடிச்சா மணிக்கு அரை மீன், 2 மணி நேரத்துல 2 பிடிச்சா மணிக்கு ஒண்ணு, அப்ப ரெண்டாவதுதான் நல்ல நாள். ஒண்ணுமே மாட்டாத நாளையும் கண்டிப்பா எழுதணும், நெறைய பேர் அத விட்டுடுறாங்க, அதுலயே கணக்கு கெட்டுப்போகுது. ஒப்பிடுறப்ப போன வருஷம் இதே மாசம், கிட்டத்தட்ட இதே தண்ணி மட்டம்னு பாருங்க, ஏன்னா தண்ணி வத்துறப்ப இருக்குற மீனெல்லாம் பள்ளத்துல ஒதுங்கிடும், போட்டதும் மாட்டும், மீன் பெருகிடுச்சுன்னு தோணும்.

அடுத்தது நீளம். கைய நனைச்சுட்டு மீனப் பிடிங்க, வாய் நுனியிலருந்து வால் நுனி வரைக்கும் அளந்து எழுதுங்க. எண்ணிக்கையவிட இதத்தான் நான் நம்புவேன். கட்லா, ரோகுலாம் ஓடுற ஆத்துத் தண்ணியில இனப்பெருக்கம் பண்றது, தேங்குன ஏரியில பொதுவா முட்டை போடாது, யாராவது குஞ்சு விட்டாதான் உண்டு. அதனால வருஷா வருஷம் கட்லா பெருசு பெருசா மாட்டி, சின்னது கண்ணுலயே படலன்னா சந்தோஷப்படாதீங்க, புதுசா குஞ்சு வரல, இருக்குறது தீந்தா அவ்வளவுதான்.

ஜிலேபி மீன் (திலேப்பியா) அப்படியே நேர் எதிர். முட்டையையும் குஞ்சையும் வாயில வெச்சே காப்பாத்தும், கூட்டம் சேந்து தீனி பத்தலன்னா பொடிசா இருக்கும்போதே சினை பிடிச்சுடும். பிடிக்கிறதெல்லாம் வயிறு ஒட்டி, தலை மட்டும் பெருசா இருந்தா மீன் குறையல, தீனிக்கு மேல பெருகியிருக்கு. அப்ப பொடிச எடுத்துட்டுப் போங்க, பெரிய விரால திரும்ப விடுங்க, பொடி மீன தின்னு கட்டுப்படுத்துறது அதுதான்.

விரால் பத்தி இன்னொண்ணு. ஆரஞ்சு கலர்ல குஞ்சுக் கூட்டம் ஒண்ணா மேல வந்து காத்து வாங்கிட்டு உள்ள போனா, கீழ பெரிய விரால் காவலுக்கு நிக்குதுன்னு அர்த்தம். அங்க எத போட்டாலும் பாஞ்சு கடிக்கும், சுலபமா மாட்டும், ஆனா அத தூக்கிட்டா மத்த மீனுங்க குஞ்ச காலி பண்ணிடும். தயவுசெஞ்சு அங்க போடாதீங்க.

விடியக்காலையில மீனுங்க மேல வந்து வாயப் பொளந்துட்டு இருந்தா தண்ணியில ஆக்சிஜன் கம்மி, ராத்திரி பூரா பாசியும் சேந்து இழுத்துடும். கெண்டை வகை செத்து மிதக்குது, காத்த நேரா சுவாசிக்கிற விரால் மட்டும் நல்லா இருக்குன்னா பெரும்பாலும் இதுதான் காரணம். தேதியும் நேரமும் போட்டு ஒரு போட்டோ எடுத்து வைங்க.

மீன் குறைஞ்சிருச்சுன்னு நீங்களா வேற எங்கயோ இருந்து கொண்டுவந்து விடாதீங்க, தொட்டி மீனையும்தான், ஒரு தடவ பெருகிட்டா அத திரும்ப எடுக்க முடியாது. நோட்ட ஏரியப் பாத்துக்கிறவங்ககிட்ட காட்டுங்க, எந்தக் குஞ்சு விடணும், எத நிறுத்தணும்னு அவங்க முடிவெடுக்க அந்த நீளக் கணக்கு உதவும்.