வேட்பாளர் முகத்தை ஒரே நிறத்தில் டைலில் எடுப்பது எப்படி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓஹியோவின் சேன்ஸ்வில் நகரில் அமெரிக்கன் என்காஸ்டிக் டைலிங் கம்பனி செய்த, அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் வில்லியம் மெக்கின்லியின் டைலைப் பார்த்தால், ஒரே நிறத்தில் புகைப்படம் போல முகம் தெரியும். குழியில் கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) தடிப்பாகத் தேங்கி இருள்கிறது, மேட்டில் மெலிந்து வெளுக்கிறது. சூட்சுமம் அவ்வளவுதான். சிறிய மின்சூளை இருந்தால் கொழும்பிலும் செய்யலாம்.

முதலில் பிளாஸ்டிசீனில் (காய்ந்துபோகாத மாதிரிக் களி) மாதிரி செய்யுங்கள். இதைச் சிலையாக நினைத்தால் முகம் கெட்டுப்போகும். மூக்கு உயரம், கண் பள்ளம் என்று பார்க்காமல், எது கறுப்பு, எது வெள்ளை என்று மட்டும் பாருங்கள். தலைமயிர், மீசை, கண்மணி 2 மி.மீ. ஆழம், கன்னத்து நிழல் 1 மி.மீ.; நெற்றியும் வெள்ளைச் சேர்ட்டும் மேற்பரப்போடு. நரைத்த மீசையென்றால் ஆழம் வேண்டாம். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை 1 மி.மீ. அகலத்துக்குக் குறைக்காதீர்கள், கிளேஸில் மறைந்துவிடும். முடிந்ததும் நீர்த்த நீல மையை மாதிரிமேல் ஊற்றுங்கள். சுட்ட பின் வரப்போகும் முகம் அப்போதே தெரியும். திருத்துவதற்கு இதுதான் நேரம்.

அச்சுக்கு 1 லீற்றர் தண்ணீருக்கு 1.4 கிலோ பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் கலந்து மாதிரிமேல் ஊற்றுங்கள். அது இறுகியதும் மாதிரியை எடுத்துவிட்டு, அச்சில் களியை அழுத்துவீர்கள். குழிகளின் ஓரம் உட்பக்கமாக வளைந்திருந்தால் களி அச்சிலிருந்து கழராது.

களி சுருங்கும். ஈரக்களியில் 100 மி.மீ. கோடு கீறிச் சுட்டு அளந்து பாருங்கள். 90 வந்தால், 152 மி.மீ. டைலுக்கு அச்சு 169 மி.மீ. இருக்கவேண்டும். தடிப்பு 12 மி.மீ. போதும்.

உலர்த்துவதில்தான் பலரும் தோற்கிறார்கள். விசிறிக் காற்றில் ஓரம் முந்திக் காய்ந்து மேலே வளையும். இரண்டு ஜிப்சம் பலகைகளுக்கு இடையில் வைத்து, நாளுக்கொரு முறை புரட்டுங்கள். தென்மேற்குப் பருவமழையில் இரண்டு வாரம் பிடிக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, சூளையில் ஆவி வெடித்துப் பிளக்கும்.

1000 பாகை செல்சியஸில் முதற்சூடு. பிறகு ஈயமில்லாத, நன்றாக இளகி ஓடும் தெளிந்த கிளேஸ். பச்சைக்கு 3 சதவீதம் செப்புக் காபனேற்று, தேன்நிறத்துக்கு 6 சதவீதம் இரும்பு ஒட்சைட்டு. தூள்களைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். இரண்டு தடவை ஊற்றி, மேட்டில் படிந்ததை ஈரப்பஞ்சால் இலேசாக ஒற்றி எடுங்கள். சூளைத் தட்டை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சற்றுச் சரிந்தாலும் கிளேஸ் ஓடி ஒரு கன்னம் மட்டும் இருண்டுவிடும். உச்ச வெப்பம் கிளேஸ் பையிலுள்ளபடி, அதில் 15 நிமிடம் நிறுத்துங்கள். மெல்லிய வெடிப்பு வலை விழுந்தால் கிளேஸ் களியைவிட அதிகம் சுருங்குகிறது என்று பொருள், கிளேஸை மாற்றுங்கள்.

தேர்தல் காலத்தில் வாக்காளருக்கு இலவசமாகக் கொடுப்பது இலஞ்சக் குற்றமாகலாம். கட்சி அலுவலகச் சுவருக்கும் சேகரிப்பாளருக்கும் செய்யுங்கள். பெயர், தேர்தல், ஆண்டு மூன்றையும் களி ஈரமாக இருக்கும்போதே பின்புறம் கீறிவிடுங்கள். ஒட்டும் சீட்டு கொழும்புப் புழுக்கத்தில் கழன்றுவிடும்.