மலையில் கேபிள் கட்டும்போது தொய்வு எவ்வளவு விடலாம்?

கோத்தகிரிப் பக்கம் தோட்டத்து வீடு ஒன்றுக்கு நான் முதன்முதலில் இழுத்த ஃபைபர் கேபிள் வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக நின்றது. கட்டியது நல்ல மதிய வெயிலில். மார்கழிக் குளிரில் ஒரு ராத்திரி கேபிளைப் பிடித்திருந்த கிளாம்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

முதலில் தூரம். மேப்பை நம்பாதீர்கள். மேப்பில் 40 மீட்டர், இறக்கம் 30 மீட்டர் என்றால் கேபிள் போகும் தூரம் 50 மீட்டர். நடுவில் சில்வர் ஓக் நிற்கிறதே, ஒரு கம்பம் மிச்சம் என்று அதில் கட்டிவிடாதீர்கள். காற்றில் மரம் ஆடினால் கேபிளும் இழுபடும். மின்கம்பத்தில் அனுமதியில்லாமல் கையே வைக்கக் கூடாது.

அடுத்து தொய்வு, அதாவது கேபிள் நடுவில் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பது. இதில்தான் நான் கோட்டை விட்டேன். சமதரையில் 50 மீட்டர் இடைவெளி, மீட்டருக்கு 100 கிராம் எடை என்று வையுங்கள்.

இழுவை = எடை × தூரம் × தூரம் ÷ (8 × தொய்வு)

அரை மீட்டர் தொய்வுக்கு இழுவை 62.5 கிலோ. கால் மீட்டர் என்றால் 125 கிலோ! அந்த அரை மீட்டர் தொங்கலுக்குக் கூடுதலாகப் போகும் கம்பி வெறும் 1.3 சென்டிமீட்டர்தான். கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பியோ 50 மீட்டருக்கு, 20 டிகிரி குளிர்ந்தால், 1.1 சென்டிமீட்டர் சுருங்கப் பார்க்கும். கிளாம்ப் ஏன் போனது என்று இப்போது தெரிகிறதா? வெயிலில் கட்டினால் அரை மீட்டருக்கும் கொஞ்சம் கூடவே விடுங்கள்.

சாமான்கள்: ஏணி, பெல்ட், ஹெல்மெட், கப்பி, இழுக்க ராட்செட், கிளாம்ப், ஸ்டே கம்பி (கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டும் கம்பி). கடைசிக் கம்பத்துக்கு இழுவைக்கு எதிர்ப்பக்கம் ஸ்டே அடித்த பிறகே கேபிளை இழுக்க வேண்டும். மழையில் ஊறிய மலைமண் கம்பத்தைத் தனியாகப் பிடித்து நிறுத்தாது.

சரி, தொய்வை எப்படி அளப்பது? டேப் வேண்டாம், செல்போனில் ஸ்டாப்வாட்ச் போதும். கேபிள் எதிலும் உரசாமல் தொங்கட்டும். கம்பத்தருகே விரலால் ஒரு தட்டு தட்டி, கையை அங்கேயே வைத்திருங்கள். அலை மறுமுனைக்கு ஓடித் திரும்பிவந்து விரலில் இடிக்கும். தட்டியதிலிருந்து மூன்றாவது இடி வரை நேரம் பாருங்கள். அதை 3ஆல் வகுத்து, வந்த விடையை அந்த விடையாலேயே பெருக்கி, பிறகு 30.7ஆல் பெருக்கினால் சென்டிமீட்டரில் தொய்வு வந்துவிடும். 3.8 விநாடி என்றால் ஏறக்குறைய 49.

அப்புறம் கிளாம்பை முடுக்கி, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கொஞ்சம் கீழே வளைத்து மேலே ஏற்றுங்கள். ஐப்பசி மழை அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.