ஒர்க்கர்ஸ் காம்ப் சட்டம் மாறிவிட்டதாமே, எனக்குப் பொருந்துமா? அமெரிக்காவில் பார்க்கும் வழி

அமெரிக்காவில் வேலையில் அடிபட்டவருக்குக் கிடைக்கும் இழப்பீட்டைத்தான் ஒர்க்கர்ஸ் காம்ப் என்கிறார்கள். சிகிச்சைச் செலவு யார் தருவார்கள், சம்பளத்துக்குப் பதில் எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் மாநிலச் சட்டம் முடிவு செய்கிற விஷயம். மத்திய அரசு ஊழியர்கள், ரயில்வேக்காரர்கள் போன்ற சிலருக்குத்தான் தனிச் சட்டம். 1911-இல் விஸ்கான்சின் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. டெக்சஸில் தனியார் முதலாளி இந்த இழப்பீட்டுக்கான இன்சூரன்ஸை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒஹாயோவிலும் வயோமிங்கிலும் தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கே இடமில்லை, மாநில அரசின் நிதிதான். ஆகவே வேறு மாநிலத்து நண்பர் சொன்னதை நம்பி ஃபார்ம் நிரப்பாதீர்கள்.

சட்டம் மாறியதாகக் கேள்விப்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது உங்களுக்கு அடிபட்ட தேதி. இழப்பீட்டுத் தொகையைப் பொறுத்தவரை பொதுவாக அன்று அமலில் இருந்த சட்டம்தான் செல்லும், நீங்கள் க்ளெய்ம் போட்ட நாளோ தீர்ப்பு வந்த நாளோ அல்ல. நியூயார்க்கில் வாராந்திர இழப்பீட்டுக்கான உச்சவரம்பு ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் மாறும். ஜூன் 30 அன்று விழுந்தவருக்கும் மறுநாள் விழுந்தவருக்கும், சம்பளம் அதிகமாக இருந்தால், கிடைக்கும் தொகை வேறாகலாம். இதைக் கவனிக்காமல் பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு அட்ஜஸ்டரிடம் (க்ளெய்மைப் பரிசீலிக்கும் இன்சூரன்ஸ் அலுவலரிடம்) வாதாடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

அப்புறம் மசோதாவையே திறந்து பாருங்கள், மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கும். பல மாநிலங்களில் புதிதாகச் சேர்த்த சொற்களுக்கு அடிக்கோடு இருக்கும், நீக்கியவற்றின் குறுக்கே கோடு ஓடும். முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் நேராகக் கடைசிப் பிரிவுக்குப் போங்கள்: எந்தத் தேதியிலிருந்து அமல், அதற்குப் பிறகு நேர்ந்த காயங்களுக்கு மட்டுமா, ஏற்கெனவே நடக்கிற க்ளெய்ம்களுக்கும் சேர்த்தா என்பது வழக்கமாக அங்கேதான் இருக்கும். விசாரணை நடத்தும் முறை, ஃபார்ம், மருத்துவரின் அனுமதி போன்ற நிர்வாக மாற்றங்கள் பழைய க்ளெய்ம்களையும் தொடலாம், அதனால் "எனக்கு அடிபட்டது போன வருஷம்" என்று அசட்டையாக இருக்க வேண்டாம். சட்டத்தோடு நிற்காமல், அதை நடைமுறைப்படுத்தும் துறை வெளியிடும் விதிகளையும் பாருங்கள், ஏனென்றால் கட்டண அட்டவணையும் புதிய ஃபார்மும் அங்கேதான் வரும்.

சரி, இதையெல்லாம் தேடுகிற சாக்கில் கெடுவைத் தவறவிடாதீர்கள். கலிபோர்னியா, நியூயார்க், டெக்சஸ் மூன்றிலும் முதலாளிக்குத் தகவல் சொல்ல 30 நாள்தான். முறைப்படி க்ளெய்ம் பதிய கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் பொதுவாக 1 வருடம், நியூயார்க்கில் 2 வருடம். வாயால் சொன்னதோடு விடாமல் தேதி, இடம், எந்த உடல் பகுதி என்று எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். கலிபோர்னியாவில் முதலாளியிடம் க்ளெய்ம் ஃபார்மைக் கொடுத்த பிறகு, க்ளெய்மை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும்வரை 10,000 டாலர் வரை சிகிச்சைக்குத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இது தெரியாமலேயே பலர் கைக்காசு போட்டு மருந்து வாங்குகிறார்கள்.

படித்தும் புரியவில்லையா? வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் மாநிலத்தில் ஒர்க்கர்ஸ் காம்ப்பை நடத்தும் துறைக்கே போன் செய்யுங்கள். அடிபட்ட தொழிலாளிகளுக்கு இலவசமாக வழிசொல்ல மேலே சொன்ன கலிபோர்னியா, நியூயார்க், டெக்சஸ் மூன்றிலும் தனி அலுவலர்கள் உண்டு. அடிபட்ட தேதியைச் சொல்லி, எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்று அதன் எண்ணையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.