மொரீஷியஸ் தலைநகர், நம்ம போர்ட் லூயிஸ் வெள்ளத்தை தாங்குமா, மார்க் போட்டு பாருங்க

2013 மார்ச் 30 மழையில 11 பேர் செத்தாங்க, 2024 ஜனவரியில பெலால் புயல் வந்தப்போ தெருவுல கார் மிதந்துச்சு, அதனால முனிசிபாலிட்டி ஆளுங்க முதல்ல ஒரு ஊர் பேரிடரை எவ்வளவு தாங்கும்னு மார்க் போடுற ஐநாவோட ஸ்கோர்கார்டை எடுங்க. 10 தலைப்பு, ஆரம்ப லெவல்ல 47 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 3 வரை மார்க். ஆபீஸ்ல ஒருத்தரே உக்காந்து நிரப்பிடாதீங்க, அது வேஸ்ட். தண்ணி, கரண்ட், போலீஸ், ஆஸ்பத்திரி, அப்புறம் கோயில் கமிட்டி (காவடிக்கு ஊருக்கே சமைக்கிறவங்க, வெள்ளத்துல சோறு போட மாட்டாங்களா?) எல்லாரையும் ஒரே ரூம்ல கூப்பிடுங்க. "மூணு மணி நேரம் பேய்மழை பெஞ்சா கனால் எங்க பொங்கும், துறைமுகப் பக்கம் இருக்குற கோடான் சுரங்கப்பாதையை யார் மூடுறது"ன்னு நேரா கேளுங்க, பதில் வரலன்னா 0 போடுங்க, வெக்கமே வேணாம். அந்த 0ல தூர் வாருற மாதிரி செலவு கம்மியான வேலையை நவம்பருக்குள்ள, சைக்ளோன் சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.