ஆயரும் சிறு சபையும்: எதிர்பார்ப்புகளைப் பேசித் தீர்க்கும் முறை

நாற்பது குடும்பங்கள்கூட இல்லாத கிறிஸ்தவ சபையில் மனக்கசப்பு பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லாத எதிர்பார்ப்பிலிருந்தே தொடங்குகிறது. எனவே ஆயர், அதாவது சபையின் போதகர், பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே ஒரு மாலையை ஒதுக்கி, வீடு சந்திப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை, நோயாளிகளைப் பார்க்க யார் உடன் செல்வது, ஆயருக்கு ஓய்வு நாள் எது என்பவற்றைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஓய்வு நாளை எழுதத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆயரும் ஊரின் நடைமுறையை அறிந்துகொள்ள வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பள நாள். பல்லடம், சோமனூர் விசைத்தறிகளில் இரவு ஷிப்டும் உண்டு. ஜெபக்கூட்டத்துக்கு வராதவர்களை விசுவாசக் குறைவு என்று பிரசங்கத்தில் கடிந்துகொள்வதற்கு முன், கூட்ட நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

தென்னிந்தியத் திருச்சபையில் ஆயரின் சம்பளம் பொதுவாகப் பேராயத்தின், அதாவது ஒரு பகுதியின் சபைகளை நிர்வகிக்கும் அமைப்பின், வழியாக வருகிறது. தனிச் சபைகளிலோ காணிக்கையே வாழ்வாதாரம். அங்கே மாதத் தொகையை வெளிப்படையாக முடிவு செய்யாமல் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுவது, ஆயரின் குடும்பத்தைக் கடனில் தள்ளும் செயல் என்றே நான் கருதுகிறேன்.

குறை எழுந்தால், மத்தேயு 18:15 சொல்வதுபோல யார்மீது குறையோ, முதலில் அவரிடமே தனிமையில் பேசுங்கள். எழுதிய தாளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருதரப்பும் சேர்ந்து திருத்துங்கள்.