பேஸ்பால் ஸ்ப்ளிட்ஸ்: கிரிக்கெட் கண் ஏமாறும் இடங்கள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இரவு பேஸ்பால் ஆட்டம் தொடங்கும்போது புதுச்சேரியில் காலை ஏழரை தாண்டியிருக்கும். லாஸ்பேட்டையில் நடை முடித்து டீக்கடையில் நிற்கிற நேரம். ஒருவர் போனில் ஸ்கோர் ஓடும், மற்றவர்கள் எட்டிப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதில் தவறாமல் வருகிற யோசனை இது: "லெஃப்ட் ஹேண்டர் வந்துட்டான், ரைட் ஹேண்ட் பிட்சரை இறக்க வேண்டியதுதானே மச்சி? அஸ்வின் மாதிரி கழட்டிடுவான்ல?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டெஸ்ட் கிரிக்கெட்டில் 200 இடக்கை ஆட்டக்காரர்களை முதலில் வீழ்த்தியவர் அஸ்வின்தான். ஆனால் பேஸ்பாலில் கணக்கு தலைகீழ். அங்கே பிட்சர்தான் பந்து எறிகிறவர்; வலக்கை பிட்சரைக் கண்டால் இடக்கை ஆட்டக்காரனுக்குக் கொண்டாட்டம். இடக்கை பிட்சரிடம்தான் அவன் திணறுவான். எதிர்க்கை என்றால் ஆட்டக்காரனுக்கு லாபம், ஒரே கை என்றால் பிட்சருக்கு லாபம். ஒருவரின் எண்களைப் பிரித்து, ஸ்ப்ளிட்ஸ் என்று போடுகிற பட்டியலில் 'இடக்கைக்கு எதிராக', 'வலக்கைக்கு எதிராக' என்ற இரண்டு வரிகள் இந்த வித்தியாசத்தைத்தான் காட்டுகின்றன.

ஏன் தலைகீழ்? இரண்டு ஆட்டத்திலும் விலகிப் போகிற பந்துதான் ஆபத்து. அதில் மாற்றமில்லை. அஸ்வினின் ஆஃப் பிரேக் இடக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே திரும்பும். பேஸ்பால் பிட்சரின் முக்கிய ஆயுதமான ஸ்லைடரோ லெக் பிரேக் போகிற பக்கம் போகும். வலக்கை பிட்சர் போட்டால் வலக்கை ஆட்டக்காரனை விட்டு விலகும், இடக்கை ஆட்டக்காரனுக்கு உள்ளே, மட்டைக்கே வரும். அதோடு கையைப் பக்கவாட்டில் வீசுகிற பிட்சரிடம், ஒரே கை ஆட்டக்காரனுக்குப் பந்து தன் முதுகுக்குப் பின்னாலிருந்து புறப்படுவது போலத் தெரியும். பந்து எங்கே வரும் என்று முடிவெடுக்க அரை நொடிகூடக் கிடைக்காத ஆட்டத்தில் இது சாதாரண விஷயமில்லை.

1997 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் (சிறந்த வீரர்கள் மோதுகிற காட்சி ஆட்டம்) நடந்ததைப் பார்த்தால் இது சட்டென்று புரியும். ராண்டி ஜான்சன், ஆறடி பத்து அங்குல உயரம், இடக்கை பிட்சர். எதிரே லாரி வாக்கர், அவரும் இடக்கை ஆட்டக்காரர். ஜான்சன் போட்ட ஒரு பந்து வாக்கரின் தலைக்கு மேலே பறந்து போனது. வாக்கர் ஹெல்மெட்டைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் போய் வலக்கை ஆட்டக்காரராக நின்றுவிட்டார். மைதானமே சிரித்தது. அப்புறம் பழைய பக்கமே திரும்பி வந்து, வாக் (அடிக்க வேண்டிய எல்லைக்கு வெளியே நான்கு பந்து போனால் கிடைக்கிற இலவச முதல் பேஸ்) வாங்கிக்கொண்டு போனார். விளையாட்டுக்குச் செய்ததுதான். ஆனால் அந்தப் பயம் விளையாட்டு இல்லை.

சரி, தலைகீழ் என்று புரிந்துவிட்டது. உடனே அடுத்த தவறு வரும்: கையை மட்டும் பார்த்துவிட்டு, என்ன பந்து போடுகிறான் என்று பார்க்காமல் விடுவது. ஸ்லைடரையும், கீழே அமுங்கி வருகிற வேகப்பந்தான சிங்கரையும் நம்புகிற பிட்சருக்கு ஒரே கை, எதிர்க்கை வித்தியாசம் பெரிதாக இருக்கும். வேகத்தைக் குறைத்து ஏமாற்றுகிற சேஞ்ச்அப்பை நன்றாகப் போடுகிறவனுக்கு அது சுருங்கிவிடும். ஏனென்றால் சேஞ்ச்அப் ஆஃப் பிரேக் பக்கம் நழுவும், எதிர்க்கை ஆட்டக்காரனை விட்டு விலகும். அஸ்வின் உதாரணத்தை எங்கேயாவது வைத்தே தீர வேண்டும் என்றால் இங்கே வைக்கலாம். மேலிருந்து கீழே விழுகிற கர்வ்பாலிலும் கை வித்தியாசம் குறைவு. ஆக, ஆட்டக்காரனின் ஸ்ப்ளிட்டைப் பார்த்த கையோடு பிட்சரின் ஸ்ப்ளிட்டையும் பார்க்க வேண்டும். பாதிப் பேர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் விட அதிகம் பேர் விழுகிற குழி, சின்ன எண்ணிக்கையை நம்புவது. பிட்சர்களில் ஏறக்குறைய முக்கால்வாசி வலக்கைதான். நாள் தவறாமல் ஆடுகிற ஒரு இடக்கை ஆட்டக்காரன்கூட ஒரு சீசன் முழுக்க இடக்கை பிட்சர்களைச் சந்திப்பது நூற்றைம்பது தடவை சுமார். அதில் வாக் போன்றவற்றைக் கழித்தால் 130 என்று வைத்துக்கொள்வோம். 31 ஹிட் (அடித்துவிட்டு பேஸுக்குப் போய்ச் சேர்வது) அடித்தால் சராசரி 0.238. 'இடக்கையிடம் தேறமாட்டான்' என்று எழுதிவிடுவார்கள். 37 அடித்தால் 0.285, 'யாராக இருந்தாலும் அடிப்பான்' என்பார்கள். நடுவில் இருப்பது ஆறே ஹிட், ஆறு மாத சீசனில் மாதத்துக்கு ஒன்று. ஃபீல்டரின் கையுறை நுனியில் பட்டு நழுவிய பந்து, கோட்டின் மேல் விழுந்த பந்து என்று அந்த ஆறும் அதிர்ஷ்டத்திலேயே வந்துவிடலாம். ஒரு சீசன் ஸ்ப்ளிட் என்பது பெரும்பாலும் இரைச்சல். மூன்று, நான்கு வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போதும் அதை முழுசாக நம்பாமல், அவனைப் போன்ற சராசரி ஆட்டக்காரனின் வித்தியாசத்தை நோக்கிக் கொஞ்சம் இழுத்துப் படிப்பதே சரி. 'இந்தப் பிட்சரிடம் இவன் 11க்கு 5' என்று டிவியில் காட்டுவதெல்லாம் நேரம் போக்கத்தான்.

மொத்த சராசரியை வைத்து இரண்டு பேரை ஒப்பிடுவதிலும் ஒரு விஷமம் இருக்கிறது. ஒருவனை மேனேஜர் இடக்கை பிட்சர் வந்தாலே உட்கார வைத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலக்கையிடம் 400 வாய்ப்பில் 112 ஹிட், 0.280. இடக்கையிடம் வெறும் 40 வாய்ப்பில் 8 ஹிட், 0.200. இன்னொருவன் தினமும் ஆடுகிறவன். வலக்கையிடம் 400க்கு 114, அதாவது 0.285. இடக்கையிடம் 150க்கு 36, அதாவது 0.240. இரண்டு பக்கமும் இரண்டாமவன்தான் மேல். கூட்டிப் பாருங்கள்: 440க்கு 120, 550க்கு 150. இரண்டுக்கும் 0.273தான் வரும்! நிழலில் வைத்து வளர்க்கப்பட்ட முதல் ஆளின் எண் அவனுடையது மட்டுமில்லை, மேனேஜருடையதும்கூட. அவனைத் தினமும் ஆட விட்டால் சராசரி இறங்கும்.

இடக்கை ஆட்டக்காரர்களின் வித்தியாசம் வலக்கைக்காரர்களுடையதை விடப் பொதுவாகப் பெரியது. வலக்கைக்காரன் சின்ன வயதிலிருந்தே ஒரே கை பிட்சர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன். சமாளிக்காதவன் மேலே வந்தே இருக்கமாட்டான். இடக்கைக்காரனுக்கு அந்தப் பழக்கமும் குறைவு, கட்டாயமும் குறைவு. அதனால் இருவரையும் ஒரே அளவுகோலில் வைத்து 'இவன் பலவீனம்' என்று முத்திரை குத்தக் கூடாது.

ஸ்விட்ச் ஹிட்டர்கள் இரண்டு பக்கமும் நிற்பதால் ஸ்ப்ளிட்டே இருக்காது என்று நினைப்பதும் தவறு. அவர்களுக்கும் ஒரு பக்கம் மெலிந்திருக்கலாம். ஓரியோல்ஸ் அணியின் செட்ரிக் மல்லின்ஸ் 2021இல் வலக்கை ஆட்டத்தையே விட்டுவிட்டு, எல்லாரிடமும் இடக்கையாக மட்டும் ஆடினார். அந்த வருடமே 30 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), 30 ஸ்டீல் (அடி இல்லாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது). மல்லின்ஸுக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

எறிகிற கை வேறு, ஆடுகிற கை வேறு என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாஷிங்டன் சுந்தரைப் பார்க்கிறோமே. பேஸ்பால் நட்சத்திரம் ஒஹ்டானியும் அப்படித்தான், எறிவது வலக்கை, ஆடுவது இடக்கை. ஸ்ப்ளிட்டில் ஆட்டக்காரனுக்கு ஆடுகிற கையும், பிட்சருக்கு எறிகிற கையும்தான் கணக்கு.

மைதானத்தையும் மறக்கக் கூடாது. நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் வலது மூலை வெறும் 314 அடி. அங்கே இடக்கைக்காரன் இழுத்து அடிக்கிற ஹோம் ரன்களில் எத்தனை பிட்சரின் கையால் வந்தவை, எத்தனை சுவர் பக்கத்தில் இருப்பதால் வந்தவை என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பழைய வருட எண்களைப் படிக்கும்போது விதிகள் மாறியிருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரே ஒரு இடக்கை ஆட்டக்காரனுக்காக ஒரு இடக்கை பிட்சரை இறக்கி, வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். 2020 முதல் புதிதாக வருகிற பிட்சர் குறைந்தது மூன்று ஆட்டக்காரர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை, அதாவது ஒரு அணி ஆடுகிற முறையை, முடிக்க வேண்டும். அதனால் ஏழாவது இன்னிங்ஸில் பிட்சர் மாறும்போது அடுத்து நிற்கிற ஒருவனின் ஸ்ப்ளிட்டை மட்டும் தேடாதீர்கள். மூன்று பேரையும் பாருங்கள். இரண்டு இடக்கைக்கு நடுவில் ஒரு நல்ல வலக்கைக்காரனைச் செருகி வைத்திருந்தால், எதிரணி மேனேஜர் அந்த இடக்கை பிட்சரை இறக்கவே யோசிப்பார்.