வலிக்காத புண்தான் வில்லங்கம்: பால்வினை நோய் அறிகுறிகளைப் பார்க்கும் முறை

முதலில் நாளை எண்ணுங்கள். பாதுகாப்பில்லாத உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரைக்காக உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

2 முதல் 7 நாளில் சிறுநீர்த் துளையில் மஞ்சள் சீழ் வடிந்தால் பெரும்பாலும் கொனோரியா, ஊர்ப்பேச்சில் வெட்டை. 1 முதல் 3 வாரத்தில் கொஞ்சமாக, கலங்கலாகக் கசிந்தால் கிளமிடியாவைச் சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. பெண்கள் பலருக்கு இவை எந்த அறிகுறியும் காட்டாது. துணைக்கு இருந்தால் தனக்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியதுதான். வெள்ளைப்படுதல் திரிந்த பால் போலத் திப்பியாக இருந்து அரித்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. நுரைத்து, பச்சை கலந்த மஞ்சளாக வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றாக இருக்கலாம்.

அடுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். செல்போன் டார்ச்சை விட ஜன்னலோரமும் கைக்கண்ணாடியும் மேல். ஆண்கள் முன்தோலை முழுதாகப் பின்தள்ள வேண்டும். பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். ஆண்குறி மொட்டின் விளிம்பில் ஒரே அளவில் வரிசையாக முத்து முத்தாக இருப்பது நோயல்ல.

இனி புண். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, எரிந்து, உடைந்து புண்ணானால் ஹெர்பிஸ். அது அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருவதுண்டு. சிபிலிஸ் புண் வேறு மாதிரி. உறவுக்குப் பின் 10 முதல் 90 நாளுக்குள், பெரும்பாலும் 3 வாரம் கழித்து வரும். வழக்கமாக ஒற்றைப் புண். சீழ் இருக்காது, அடிப்பகுதி சுத்தமாக இருக்கும். கையுறை போட்டு இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்தால், தோலுக்கடியில் சட்டைப் பொத்தான் இருப்பதுபோலக் கெட்டியாகத் தட்டுப்படும், வலிக்காது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கும், அதிலும் வலி இருக்காது.

மருந்தே போடாவிட்டாலும் இந்தப் புண் 3 முதல் 6 வாரத்தில் தானே ஆறிவிடும். மெடிக்கலில் வாங்கிய ஆயின்ட்மென்ட் கேட்டது என்று ஆள் நிம்மதியாகிவிடுவார். கிருமி அதற்குள் ரத்தத்தில் பரவியிருக்கும். சில வாரமோ மாதமோ கழித்து உள்ளங்கை, உள்ளங்காலில் செம்புநிறத் தடிப்பு வரும். பெரும்பாலும் அரிக்காது. அதை அலர்ஜி என்று நினைத்து செட்ரிசின் போட்டுக்கொண்டால் இன்னும் சில மாதம் வீண்.

ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களை இந்த இடத்தில் தொடவே வேண்டாம். புண்ணின் அடையாளத்தையே அது மாற்றிவிடும், பார்க்கிற டாக்டருக்கும் குழப்பம். அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் புண் இருக்கும்போதே காட்டுங்கள். எச்ஐவி உதவி எண்ணான 1097-க்குக் கட்டணமில்லாமல் பேசியும் விசாரிக்கலாம். புண் வந்த முதல் ஓரிரு வாரத்தில் விடிஆர்எல் என்ற சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை நெகட்டிவாக வரலாம், அதை நம்பி விட்டுவிடாமல் மறுபடி எடுக்க வேண்டும். தொடக்க நிலைக்குச் சிகிச்சை பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஊசியாக ஒரே தடவை. பென்சிலின் அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். போட்ட 24 மணி நேரத்துக்குள் குளிர் காய்ச்சல் வந்து ஒரு நாளில் அடங்குவதுண்டு. கிருமி சாவதால் வருவது அது.

பின்சேர்க்கை: குணமான பிறகும் டிபிஹெச்ஏ என்ற இன்னொரு சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். மருந்து கேட்டதா என்பதற்கு விடிஆர்எல் எண்ணைப் பாருங்கள். ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ் வருகிறது என்பதே அந்த எண்; 1:32 இருந்தது 1:8 ஆகக் குறைந்தால் கேட்டிருக்கிறது. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போகிறவர்கள் சிகிச்சைச் சீட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.